மாம்பால் பட்ட இடம்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே
எங்கள் ஊரைத் தாண்டி ஒன்றரை மைல் போனால்
போர்டுகளில் எழுத்து உருண்டுகொள்ளும்.
அவ்வளவுதான் எல்லை.
ரோட்டுப் பள்ளம் அதேதான், வேலிகாத்தான் அதேதான்.
எருமைகளுக்கு எந்தப் பக்கம் வீடு என்பதில்
ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அப்பா காசை எண்ணுவது தெலுங்கில்,
திட்டுவது தமிழில்.
கோபம் முற்றினால் இரண்டும் கிடையாது,
தறியை ஓடவிட்டுவிடுவார்.
அந்தச் சத்தத்தில் யார் என்ன சொல்லி என்ன.

நகரி டாக்கீஸில் வசனம் பாதிதான் புரியும்.
புரியாத பாதிக்கும் சேர்த்துச் சிரிப்போம்
நானும் முனெம்மாவும்.
செங்கல்ராயன் மட்டும்
எல்லாரும் அடங்கிய பிறகு சிரிப்பான்,
தனியாக, சத்தமாக.

பத்தாவது பரீட்சை முடிந்த மறுவாரம்
இருட்டோடு லாரி வந்தது.
அக்கரையில் மாங்கூழ் கம்பெனிக்கு ஆள் வேண்டுமாம்.
முனெம்மா ஏறினாள், நான் ஏறினேன்,
சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு
செங்கல்ராயன் ஏறினான்.
"சைக்கிள் எதுக்குடா?"
"ஏன், திரும்பி நடக்கச் சொல்றியா?"

செக்போஸ்டில் டார்ச்சு
எங்கள் முகங்களில் நின்று நின்று போனது.
"எல்லாம் பதினெட்டு சார்" என்றார் மேஸ்திரி.
ஒரே நிமிஷத்தில்
எங்களுக்கு மூன்று வயது கூடியது.

கம்பெனியில் கிளிமூக்கு, குவியல் குவியலாக.
அழுகல் ஒரு கூடை, காய் ஒரு கூடை,
பழம் தண்ணீர்த் தொட்டிக்கு.
காம்பை ஒடித்தால் பால் தெறிக்கும்.
முதல் நாள் ஒன்றும் தெரியாது.
மூன்றாம் நாள் பட்ட இடம் கருப்பாக வெந்திருக்கும்.
முனெம்மாவுக்கு மணிக்கட்டில்.
எனக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டு.
"திருஷ்டிப் பொட்டு, இனாம்" என்றான் செங்கல்ராயன்.
அவனுக்கு எந்த வெயிலிலும் வேடிக்கை வரும்.
கணக்குதான் வராது.

ரிசல்ட் என்றைக்கு என்று
மூவருக்கும் தெரியும். யாரும் பேச்செடுக்கவில்லை.
மாலைப் பேப்பர் செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும்தான் வரும்.
அதற்கப்பால் தமிழ் படிக்க ஆளுண்டு,
கட்டு இறக்க ஆளில்லை.

மூன்று மணி டீக்கு மணியடித்தபோது
சைக்கிளை எடுத்தான்.
மேஸ்திரி கத்தினார், இரண்டு பாஷையிலும்.
ஏழு மைல்.

லைட் போட்ட பிறகு வந்தான்.
பேப்பரைச் சட்டைக்குள் செருகியிருந்தான்.
வேர்வையில் நம்பர்கள் தலைகீழாக
பனியனில் இறங்கியிருந்தன.
"பாஸ்" என்றான் முனெம்மாவிடம்.
"நீயும்" என்றான் என்னிடம்.
பிறகு போய்
அழுகல் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாங்கள் குதித்து முடித்துத்தான்
பேப்பரைப் பார்த்தோம்.
பதினாறு நான். பதினெட்டு முனெம்மா.
நடுவில் ஒரு கமா, அவ்வளவுதான்.
"அச்சுப் பிழையா இருக்கும்டா."
"நானும் அதான் நெனச்சேன்" என்றான்.
"டீக்கடைக்காரர்
இன்னொரு பேப்பரையும் எடுத்துக் காட்டினாரு."
ஒரு காயை விரலால் அழுத்திப் பார்த்து
சரியான கூடையில் போட்டான்.

சனிக்கிழமை கூலி.
மேஸ்திரி நோட்டுகளைத் தெலுங்கில் எண்ணினார்.
எங்களுக்கு முழுசு.
அவனுக்கு அரை நாள் பிடித்தம்,
சொல்லாமல் வெளியே போனதற்கு.

எனக்குத் தெலுங்கு தெரியும்.
தமிழும் தெரியும்.
தாவணி முனையில்
பணத்தை இறுக்கி முடிந்துகொண்டேன்.

பதினொன்றாவது சேர்ந்தேன்,
டீச்சர் டிரெயினிங் போனேன், வேலைக்கு வந்தேன்.
மற்ற கறுப்பெல்லாம் அந்த மழைக்காலத்திலேயே உரிந்துபோனது.
கண்ணுக்குக் கீழே இருப்பது மட்டும் போகவில்லை.
வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்.
மச்சம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.