ஒரே டேக்

இரண்டு கோவேறு கழுதைகளில் கேமரா,
மூன்றாவதில் பேட்டரிகளும் பிலிம் பெட்டிகளும்.
கதாநாயகன் நடந்துதான் ஏறினேன்.
பட்ஜெட்டில் நாலாவது கழுதை இல்லை.

ஸ்வானேதி. அக்டோபர் கடைசி.
கல் கோபுரங்களுக்கு நடுவே நாற்பது வீடு.
மேகம் இறங்கிப் பதினோரு நாள்
சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.
இயக்குநர் செவெரியன் வானத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு
எங்களைத் திட்டத் தொடங்கினார்.
நான் தெக்லேயின் அடுப்படியில் ஒதுங்கி
உருளைக்கிழங்கு உரித்தேன்.
அவள் சினிமா பார்த்ததில்லை.
"உன்னை யார் கொல்கிறார்கள்?"
"பங்காளி."
"இங்கேயும் அப்படித்தான்" என்றாள்,
உப்பைக் கிள்ளிப் போட்டபடி.

பன்னிரண்டாம் நாள் வெயில்.
சறுக்குவண்டியில் கிடத்தினார்கள்.
தாடியில் பனி, மார்பில் பீட்ரூட் சாறு.
ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றி
ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.
அதில் ஒரு சொல்லும் கிடையாது,
தொண்டைகள் மட்டும்.
மலை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.
மூச்சடக்கிக் கிடந்தேன்.
தலையில் அடித்துக்கொள்
என்று மட்டும்தான் தெக்லேவுக்குச் சொல்லியிருந்தது.
அவள் குனிந்து, என் இடது காதில்
வேறு யாருடைய பெயரையோ சொன்னாள்.
சூடாக ஒரு துளி.
என் இமை துடித்துவிட்டது.

"கட்! இன்னொரு டேக்!"
யாரும் அசையவில்லை.
பெக்மூர்சா தொப்பியை மாட்டிக்கொண்டான்.
"ஒருத்தனுக்கு ஒருமுறைதான் அழுவோம்.
வேண்டுமானால் வேறு ஆளைக் கொல்லுங்கள்."

அன்று ராத்திரி பந்தியில்
செத்தவர்கள் பேர் சொல்லி மது ஊற்றினார்கள்.
வரிசையில் நானும் வந்தேன்.
என்ன செய்ய?
எழுந்து நின்று எனக்காகக் குடித்தேன்.

பிறகு அந்த இமையைப் பற்றி
பாரிசில் ஒருவர் கட்டுரை எழுதினார்,
மாஸ்கோவில் ஒருவர் மறுத்தார்.
உயிர்த்தெழுதல் என்றார்கள், மக்களின் அழியாமை என்றார்கள்.
நான் எல்லோருக்கும் கை குலுக்கினேன்.

போன மாதம் திபிலீசியில்
கீறல் நீக்கிய புதுப் பிரதி.
மேடைக்குக் கூப்பிட்டு, எண்பத்து மூன்று வயதுக்கு
நாற்காலி போட்டு, கேட்டார்கள்:
இந்தக் காட்சியில் இருந்தவர்கள்?
விரல் விட்டேன். செவெரியன். கேமராக்கார ஷால்வா.
பெக்மூர்சா, பாடிய பதினான்கு பேர், தெக்லே,
மூன்று கழுதைகள்.
"பிணம் மட்டும்தான் பாக்கி" என்றேன்.
அரங்கம் சிரித்தது.

திரையில் அவள் குனிகிறாள்.
உதடு அசைகிறது.
எவ்வளவு சுத்தம் செய்தும்
ஒலிப்பதிவில் அந்தப் பெயர் இல்லை.

என் இடது காதில் விழுந்தது அது.
அந்தக் காதுதான்
முதலில் செவிடானது.