ஓர் இடம், ஒன்பது பேர்

ராத்திரி ஷிஃப்ட் முடித்து
திருப்பூரில் ஏழு மணி பஸ் பிடித்தேன்.
மடியில் முதுகலைச் சான்றிதழ்,
அதன் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை
நீலத்தில்.

சாய ஆலை லேபில் மூன்று வருஷம்.
கம்பெனி கேட்ட நீலத்துக்கும்
துணியில் விழுந்த நீலத்துக்கும் நடுவே
எத்தனை துளி என்று கணக்குப் பார்த்தவள்.
அங்கேயும் பிப்பெட் உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு.
உயிர்தான் கிடையாது.

பீளமேட்டில் இறங்கி
பேக்கரியை ஒட்டிய சந்தில் மூன்றாவது மாடி.
அறிவிப்புப் பலகையில் தாள்:
திட்ட உதவியாளர். ஓர் இடம்.
மாதம் இருபதாயிரம்.
திட்டம் முடியும்வரை மட்டும்.
அந்த ‘மட்டும்’ அடியில்
யாரோ பேனாவால் கோடிழுத்திருந்தார்கள்,
தாள் கிழியுமளவு.

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம்.
கரூர்ப் பெண் கண்ணை மூடிக்கொண்டு
புரதங்களின் பெயரை உருப்போட்டாள்.
தாராபுரத்துக்காரர் போனில்
“இல்லீங்க மாமா, இது கவர்மெண்ட்டு வேலையில்லீங்க”
என்று நாலாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார்.
கடைசி நாற்காலியில் இருந்தவரிடம்
கோப்பு இல்லை. கையில் கடிகாரத்தையே பார்த்தார்.

“எந்த ஊருங்க?”
“சங்ககிரிங்க. செங்கோட்டுவேல்.
இதே லேப்ல நாலு வருஷம் இருந்தனுங்க.
பழைய திட்டம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சு.”
“அப்ப இந்த எடம் உங்களுக்குத்தான்.”
“வயசு தாண்டிருச்சுங்க. முப்பத்தஞ்சு வரைக்குந்தான் எடுப்பாங்க.”
“பின்ன ஏனுங்க வந்தீங்க?”
“இன்னைக்கு செல்லுக்கு மீடியா மாத்தோணுங்க.
விட்டா செத்துப்போகும்.
கேட்டுல, இண்டர்வியூவுக்குன்னு சொன்னாத்தான் உள்ள விடறாங்க.”

உள்ளே மூன்று பேர்.
நடுவில் இருந்த அம்மா கேட்டார்:
ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டியிருக்குமே?
சாயத் தொட்டிக்கும் ஞாயிறு கிடையாதுங்க மேடம், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பன்னிரண்டு குழியுள்ள தட்டை நகர்த்தி
ஒவ்வொன்றிலும் பத்து மைக்ரோலிட்டர் விடச் சொன்னார்.
விட்டேன்.
கை நடுங்காததற்குக் காரணம்
தூக்கமின்மையாகக்கூட இருக்கலாம்.

வெளியே வந்தபோது
கடைசி நாற்காலி காலி.
கல்ச்சர் அறைக் கதவின் கண்ணாடிக்குள்
கையுறை மாட்டிய இரண்டு கைகள்,
யாரும் சம்பளம் தராத ஒரு திங்கட்கிழமையில்,
ஒரு குடுவையைச் சாய்த்துப்
பழைய சிவப்பை உறிஞ்சி
புதுச் சிவப்பை ஊற்றிக்கொண்டிருந்தன.

வேலை எனக்குக் கிடைத்தது.
அடுத்த திங்கள் நைட்ரஜன் தொட்டியைத் திறந்தால்
புகைக்குள்ளிருந்து எழும்பிய குழாய்கள் எல்லாவற்றிலும்
செ.வே., செ.வே., செ.வே.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில்
அவருடைய கையெழுத்து கலையாமல் இருந்தது.

பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி:
“இன்குபேட்டர் கதவு சித்தே எறங்கியிருக்கும்.
மேல தூக்கிச் சாத்துங்க.
இல்லாட்டி கேஸ் போயிரும்.”

தூக்கிச் சாத்தினேன்.
இப்ப எங்க இருக்கீங்க, என்று கேட்டதற்கு
சாயங்காலம்தான் பதில்.
“ஈரோட்டுல, மஞ்சக் கம்பெனிங்க. தரப் பரிசோதனை.
இங்கயும் பிப்பெட் இருக்குது.
வெரலெல்லாம் மஞ்சளாப் போச்சு.”

உடனே எழுத முடியவில்லை.
கையுறை மாட்டியிருந்தேன்.
உள்ளே, கட்டைவிரலில்,
நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை.