மேல்கம்பி

பாலிகிளினிக்குக்குப் புதிதாய் வந்த தாதி
ஷைமெர்தெனின் மணிக்கட்டைப் பிடித்தாள்,
விட்டாள், கழுத்தைத் தொட்டாள்,
வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.
"தேடாதே மகளே, அங்கே ஒன்றும் இருக்காது"
என்றார் என் கணவர், உயிரோடு,
கொஞ்சம் கூச்சத்தோடு.
பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

வயிற்றைத் துளைத்து வெளியே வரும்
பென்சிலைவிட மெல்லிய வயர்.
இடுப்பில் பெட்டி. தோளுக்கொன்றாய் பாட்டரி.
அஸ்தானாவில் ஏழு மணி நேரம்
மார்பைத் திறந்துவைத்திருந்தார்கள்.
களைத்துப் பருத்துப்போன இதயத்தின் நுனியில்
எலுமிச்சையளவு பம்பு ஒன்றைத் தைத்தார்கள்.
அது துடிப்பதில்லை, சுழல்கிறது.
இர்திஷ் ஆறு ஓடுவதுபோல்
ஏற்றமுமில்லாமல் இறக்கமுமில்லாமல்
ரத்தம் ஓடுகிறது.

முப்பத்தோரு வருடம் பாவ்லோதாரில் டிராம் ஓட்டியவர்.
மேலே கம்பி இருக்கிறவரைதான் வண்டி என்பார்.
இப்போது இரவானால்
கட்டிலருகே சுவரில் தன்னையே செருகிக்கொள்கிறார்.
"டெப்போவுக்கு வந்தாச்சு" என்கிறார்.
முதல் வாரம் சிரித்தேன்.

ஆற்றில் இறங்கக் கூடாது. தொட்டியில் உட்காரக் கூடாது.
ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்,
கட்டைச் சுற்றிப் போய், திரும்பி வந்து.
கல்யாணமான புதிதில்கூட
இவ்வளவு கவனமாய் இவரைத் தொட்டதில்லை.

ஜனவரியில், மைனஸ் முப்பத்தாறில்,
மின்சாரம் போனது. பெட்டி அலறியது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன்.
ஒரு முனையைக் கழற்றி பாட்டரியில் மாட்டு,
பச்சை விளக்கு வரட்டும்,
அதன்பிறகுதான் மற்ற முனை.
இரண்டையும் ஒன்றாய்க் கழற்றாதே, கழற்றாதே.
கை நடுங்கவில்லை.
அப்புறம் தேநீர் ஊற்றும்போதுதான் நடுங்கியது.
அவரோ சன்னலோரம் நின்று
வளைவில் பாதியில் செத்துக்கிடந்த மூன்றாம் எண் டிராமையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
"யாரோ புதுப் பையன். பிரேக்கைப் பூட்டினானோ இல்லையோ."

மாற்று இதயத்துக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது.
எந்த நேரமும் அழைப்பார்களாம்.
போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப்போகிறேன்.
பனி உறைந்து சாலை வழுக்கும் நாட்களில்
அவர் வானொலியை அணைத்துவிடுகிறார்.
செய்தி கேட்டால் தலை வலிக்கிறதாம்.
ஒருநாள் இருட்டில் சொன்னார்:
"முப்பத்தோரு வருடம் மணியடித்து மணியடித்து
ஆட்களைத் தண்டவாளத்திலிருந்து விலக்கினேன், ரௌஸா.
இப்போது யாரோ ஒருவன்
விலகாமல் நிற்கட்டும் என்றா காத்திருக்கிறேன்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அஸ்தானாவில் மருத்துவர் ஏதோ விளக்கினாரே,
அப்படி இல்லை அம்மா, அவர்கள் ஏற்கெனவே...
அந்த வாக்கியம் எனக்கு முழுதாய் நினைவில்லை.

மார்பில் காது வைத்துப் படுத்தேன்.
முன்பெல்லாம் எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன்,
எண்பதைத் தாண்டியதில்லை.
இப்போது எண்ண ஒன்றுமில்லை.
ஒரே ரீங்காரம்:
வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே
நிறுத்தத்தில் நிற்பவர் தலைக்கு மேல்
கம்பி பாடத் தொடங்குமே, அது.

எந்த வண்டி என்று
நான் கேட்கவில்லை.