மூக்கில் எடை சேர்க்கவும்

முஹர்ரக்கில் ஒரு வெள்ளிக்கிழமை.
நாட்டை விட்டுக் கிளம்பும் யாரோ ஒருவரின் சாமான்கள்
நடைபாதையில்.
மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ,
அடியில் நசுங்கிய அட்டைப் பெட்டி.
அரை தினார் கேட்டார்.
முந்நூறு ஃபில்ஸுக்குத் தந்தார்.

வாம்பயர்.
ஜெட் என்று ஒன்று வந்த புதிதில் பறந்தது.
இரட்டை வால், குட்டை மூக்கு,
எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
அந்தக் கணக்கில் நான் இரண்டேகால் சென்டிமீட்டர்.
சம்பளம் முன்பே அந்தக் கணக்கில்தான்.

முன்பு வாங்கியவர் ஏழாம் படிவரை வந்திருக்கிறார்.
இடது இறக்கை ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் கோணல்.
தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு டிக்,
பிறகு ஒன்றுமில்லை.
பசை தீர்ந்ததோ விசா தீர்ந்ததோ.
நான் எட்டிலிருந்து தொடங்கினேன்.

பகலில் பல் செய்கிறேன்.
ஹூராவில் ஒரு லேப், நாளைக்குப் பதினொரு கடைவாய்ப்பல்.
யார் வாய்க்கென்று தெரியாது,
ஷேட் எண் மட்டும் வரும்.
அதனால் பசை வாங்கவில்லை:
செட் பல்லுக்கு ஊற்றும் திரவம்
இந்தப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.
ஒரு சொட்டு, பத்து விநாடி,
அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.
ஈறின் இளஞ்சிவப்பில் காவி கொஞ்சம், சாம்பல் கொஞ்சம்;
பெட்டி கேட்ட பாலைவன நிறம்
ஏறத்தாழ வந்துவிட்டது.

"என்ன ப்ளேன்டா?" மேல் கட்டிலிலிருந்து கில்பர்ட்.
பெயரைச் சொன்னேன்.
"ரத்தம் குடிக்கிற பேயா?
அப்ப பல்லு நீதான வைக்கணும்."
அறையே சிரித்தது.
நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த முகைதீன் மட்டும்
சுவர்ப்பக்கம் திரும்பினார்.

பதினான்காம் பாகம் இல்லை.
தாளில் பதினான்கு என்றால் விமானி.
சட்டத்தில் அவர் இருந்த இடத்தில்
வெட்டிய காம்பு இரண்டு.
முன்பு வாங்கியவர்
முதலில் அவரைத்தான் எடுத்திருக்கிறார்.

மெழுகில் செய்தேன்,
பல்லின் மேடு செதுக்கும் அதே கத்தியால்.
தலைக்கவசம், முழங்கை, மடியில் இரண்டு கை.
முகத்துக்கு மூக்கு போதும் என்று விட்டேன்.

ஜூலையில் ஏசி நின்றது.
வியாழன் இரவு போனது,
ஞாயிறு மதியம்தான் ஆள் வந்தான்.
மொட்டைமாடியில் படுத்தோம்.
தலைக்குமேல் ஒவ்வொன்றாகச் சக்கரம் இறக்கின,
நிஜ அளவில்.
கீழே, பூட்டிய அறையில்,
விமானி மெல்ல மெல்லக் குனிந்திருக்கிறார்.
கவசம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.
கம்பெனி பஸ்ஸில் திரும்புகிற எல்லோரும் அப்படித்தான்.
நிமிர்த்தவில்லை.
கண்ணாடி மூடியை அப்படியே ஒட்டினேன்.

பிறகு பார்த்தால் நிற்கமாட்டேன் என்கிறது.
மூன்று சக்கரம் இருந்தும்
வாலில் உட்கார்ந்து
வானத்தைப் பார்க்கிறது.
தாளைத் திருப்பினேன்.
ஏழாம் படி, அந்த டிக்குக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்:
மூக்கில் எடை சேர்க்கவும், ஐந்து கிராம்.
டிக் போட்டவர் சேர்க்கவில்லை.
நான் டிக்கை நம்பினேன்.

முன்சக்கரக் குழியில் துளையிட்டேன்,
சொத்தைக்குப் போடுகிற சின்ன ஊசிமுனையால்,
தூங்குகிறவரின் காலில் படாமல்.
கில்பர்ட் தூண்டில் ஈயம் ஒன்று நசுக்கித் தந்தான்.
போதவில்லை.
லேப் மேஜையில் துடைத்தெடுத்த உலோகத்தூள்,
யார் யாருடைய பல்லின் மிச்சமோ,
மெழுகில் குழைத்து அடைத்தேன்.
நாலாம் முறை
மூக்கு தானாக இறங்கியது.
சத்தம் வந்தது, சின்னதாக.

இன்னும் முத்திரை ஒட்டவில்லை.
எந்த நாடு என்று பெட்டியில் நாலு வட்டங்கள்,
நாலும் மஞ்சளடித்து, தண்ணீரில் போட்டால் விரிசல்.
"ஒண்ணும் வேண்டாம், சும்மா இருக்கட்டும்"
என்கிறான் கில்பர்ட்.

"ஒட்டலைன்னா சுட்டுருவானுங்க"
என்கிறார் முகைதீன்,
கண்ணைத் திறக்காமலே.