எச்.டி.க்குத் தயார்

மூலையில் இன்னும் உரிக்காத ஸ்டிக்கர்:
எச்.டி. ரெடி.
தயார் என்றுதான் எழுதியிருக்கிறது,
வந்துவிட்டது என்று இல்லை.
முப்பத்திரண்டு அங்குலம். வெள்ளவத்தைக்கு
நாங்கள் குடிவந்த வருசம் தவணைக்கு எடுத்தது.

வாகீசன் இறக்கித் தந்த படம்
அவனுடைய லாப்டொப்பில் வியர்வைத் துளிவரை தெரிந்தது.
எங்கள் திரையில் அதே ஆளுக்கு
மெழுகு முகம்.
இரவுக் காட்சி வந்தால்
இருட்டு சதுரம் சதுரமாய் உடைந்து
சீமெந்துக் கல் அடுக்கியதுபோல் நின்றது.

"முதலில் கண்ணைக் காட்டுங்கோ,
பிறகு டீவியைக் காட்டலாம்" என்றாள் மங்களா.
காட்டினேன்.
நாற்பதுக்குப் பிறகு எல்லாருக்கும் உள்ளதுதானாம்.

டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
பின்பக்கம் குனிந்தேன்.
மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
அந்த ஒற்றை மஞ்சள் வயருக்குள்ளால்
இத்தனை காலம் முழுப் படத்தையும்
பிழிந்து அனுப்பியிருக்கிறோம்,
ஒரே ஒரு துளையுள்ள இடியப்ப உரல்.
பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இரண்டு, சும்மா.
ஒன்றில் கடற்காற்று
பச்சையாய்ப் பூத்திருந்தது.

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு.
ரிஸ்மி நானா ஆயிரத்தைந்நூறு சொன்னார்.
தங்க முலாம் என்றார். நான் சிரித்தேன்.
அவரும் சிரித்தார். ஆயிரம்.
"வயர் மட்டும் போதாது, மெனுவுக்குள்ள போய்ப் பாருங்க.
ஷார்ப்னஸைக் கூட்டி வெச்சிருப்பீங்க."

எண்பத்தைந்தில் இருந்தது.
குறைக்கக் குறைக்க
முகங்களைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடு
கழன்று விழுந்தது.
பூச்சியத்தில்
அவன் தாடையில் ஒரு சவரக் காயம்.

கடைசியாகப் படத்தின் அளவு: ஸூம்.
அது என் வேலை.
காசு கொடுத்து வாங்கிய திரையில்
மேலும் கீழும் கறுப்புப் பட்டி எதற்கு என்று
நானேதான் இழுத்துவிட்டேன், முதல் நாளே.
இப்போது விட்டேன்.
பட்டி வந்தது.
கீழ்ப் பட்டிக்குள்
எழுத்தும் வந்தது.

சனிக்கிழமை இரவுகளில்
எதிர்க்கதவிலிருந்து சுனேத்ரா வருவாள்,
பொரித்த மரவள்ளியோடு.
தமிழ்ப் படம், சிங்கள எழுத்து.
எங்களுக்குக் காது, அவளுக்குக் கண்.

அன்றைக்கு அவள் கை
கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.
"இரண்டாவது வரி இருக்கிறதா?"

இத்தனை வருசமும் மேல்வரியை மட்டும்
வாசித்திருக்கிறாள்.
திரையில் ஒருவன் பேருந்தில் ஏறுகிறான்,
அவள் விரலால் காட்டினாள்:
மம எனகங் இன்ன.
நான் வரும்வரை இரு.
விரல் கீழே இறங்கியது:
எபா.
வேண்டாம்.

எங்கள் இரண்டு பாஷையிலும்
'இல்லை' கடைசியில்தான் வரும்.
நான் வெட்டியது அதைத்தான்.
அவள் பார்த்த படங்களில்
எல்லாரும் வருகிறேன் என்றார்கள்,
மன்னித்தேன் என்றார்கள்.
ஏன் பிறகு அழுகிறார்கள் என்றுமட்டும்
அவளுக்கு விளங்கியதில்லை;
தமிழர் சந்தோசத்துக்கும் அழுகிறவர்கள் என்று
நினைத்துக்கொண்டாளாம்.

மங்களா விழுந்து விழுந்து சிரித்தாள்.
சுனேத்ராவும்.
நான் ரிமோட்டின் பற்றரி மூடியைக்
கழற்றிக் கழற்றிப் பூட்டினேன்.

இந்தச் சனி அவள் நேரத்தோடு வந்தாள்.
பழைய படம் ஒன்று வேண்டுமாம், பெயர் தெரியாது.
தாய் வாசலில் நிற்பாள்,
மகன் தெருவில் நிற்பான்,
அவள் ஏதோ சொல்லுவாள்.
"அந்த இடம் மட்டும்."

காலிப் பக்கம் போகும் கடைசி ரயில்
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டு போனது.
வாகீசனின் டிரைவில் எண்பது படம்.
ஒவ்வொன்றாய்த் திறந்து மூடுகிறேன்,
ஆறுதலாக, மிக ஆறுதலாக.
எந்தப் படம் என்று எனக்குத் தெரியும்.
கீழ்வரியும் தெரியும்,
நான் அதைத் தமிழில் கேட்டவன்.