சந்திப்பு

நான் முகம் வரைந்ததில்லை.
பதினாறு வருடமாக
கம்பம், கூரை, சன்னல், மின்கம்பி,
கம்பியில் வந்து உட்காரும் காகம்வரை என் கை.
கண்ணும் கண்ணீரும் ஆசிரியர்கள் பாடு.

தாச்சிகாவாவில் நான் குடியிருக்கும் தெருமுனையில்
ஒரு நாற்சந்தி.
இந்தப் பக்கம் தோஃபு கடை, எதிரே பல் மருத்துவர்,
குவிந்த கண்ணாடி சுமக்கும் ஆரஞ்சுக் கம்பம்,
சற்றே சாய்ந்த தபால்பெட்டி.
ஒரு ஞாயிறு காலை எட்டுத் திக்கிலும் நின்று
புகைப்படம் எடுத்து வைத்தேன்,
அவசரத்துக்கு ஆகுமென்று.
அவசரம் வாரம் தவறாமல் வந்தது.

முதலில் ஒரு காதல் கதைக்குக் கொடுத்தேன்.
குடை மறந்த பையனும்
குடை இருந்தும் விரிக்காத பெண்ணும்
தபால்பெட்டி அருகே பன்னிரண்டு பக்கம்
பேசாமல் நின்றார்கள்.
அதே மாதம், வேறு பத்திரிகையில்
அங்கே லாரி வந்தது.
சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தா ஒருவன் அடிபட்டு
டிராகன்களின் நாட்டில் கண்விழித்தான்.
அங்கும் அவனுக்குக் கணக்கெழுதும் வேலைதான்.
லாரியும் என் கைதான். ரத்தம் மட்டும் ஆசிரியர் போட்டார்.

பிறகு நிற்கவே இல்லை.
பல் மருத்துவர் மாடியை
இயந்திர மனிதனின் குதிகால் நொறுக்கியது.
மறுவாரம் அதே மாடியில்
மனைவியை இழந்த இரண்டு கிழவர்கள்
ஷோகி ஆடினார்கள், ஒருவர் ஏமாற்றி.
குவிந்த கண்ணாடிக்குள் தலையில்லாத செவிலி.
கம்பத்தடியில், டை கட்டிய வங்கிக்காரர் இருவர்
ஒருவர் விரலை ஒருவர் தொட
எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.
ஒன்றுமே நடக்காத கதையும் உண்டு:
பூனை ஒன்று தெருவைக் கடந்தது.
அதற்குத்தான் வாசகர் அட்டைகள் குவிந்தன.

தோஃபு கடையின் பலகையை மாற்றி
விலாங்குமீன் கடை ஆக்கினேன்.
கறுப்பு வெள்ளையில் வாசனை வரவேண்டுமே,
புள்ளித்தாளைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி
புகைக்கே மூன்று ராத்திரி.
பதினோராம் வாரம் கடையை மூடிவிட்டார்கள்.
கொலையில்லை, நோயில்லை.
அட்டைகள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான்.
சமையல்காரன் கடைசிக் கட்டத்தில்
அடுப்பை அணைக்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

"இசோகாயி-சான், மறுபடியும் அந்தச் சந்திப்பா?"
என்பார் குராமொச்சி, பக்கங்களை எண்ணியபடி.
பிறகு அவரே:
"விடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்."

குளிக்கும்போது முழங்கையில் ஒட்டியிருக்கும்
ஒரு துண்டு வானம்.
எந்தக் கதையின் இரவென்று தெரியாது,
தேய்த்தாலும் லேசில் போகாது.

நேற்று மாலை
பையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்க
சிவப்பு விளக்குக்கு நின்றேன்.
பக்கத்தில் சீருடையில் இரண்டு பெண்கள்.
"இதேதான்! இங்கேதான் செத்தான்!"
"போடி. இந்தத் தபால்பெட்டி பக்கத்தில்தான்
குடையை அவன் கையில் திணித்தாள்."
"லாரி அங்கிருந்து வந்தது."
"லாரியாவது. மழை பெய்தது, பார், சாய்ந்திருக்கிறது பெட்டி."
பெட்டியின் சாய்வைச் சாட்சிக்கு இழுத்து
சண்டை வலுத்தது.

மழைக்கு, நெஞ்சு படபடப்புக்கு,
நூடுல்ஸ் உறிஞ்சுவதற்கு என்று
ஆளுக்கொரு ஒலி எழுதுவோம் நாங்கள்.
மௌனத்துக்கும் ஒன்று உண்டு: ஷீன்.
என் தலைக்கு மேல் அப்போது
அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கலாம்.

பச்சை விழுந்து, விளக்குக் கம்பம் குருவிபோல் கத்தியது.
ஒருத்தி போனை உயர்த்தி
சந்திப்பு முழுவதையும் எடுத்தாள்.
ஓரத்தில் நானும் விழுந்திருப்பேன்,
தோளும் வெங்காயத்தாளுமாக,
பின்னாலிருந்து.

கடந்துவந்து திரும்பிப் பார்த்தேன்.
பல் மருத்துவர் சன்னலில் புதுத் திரை,
கோடு போட்டது.
குறித்துக்கொண்டேன்.