ஆறரை மடங்கு

லென்னே ஆற்றங்கரையில் கீல் செய்கிறார்கள்.
கதவுக் கீல், அலமாரிக் கீல்,
மருத்துவமனைக் கட்டிலின் தலைப்பக்கம் நிமிர ஒரு கீல்.
எழுபத்தோரு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
நஷ்டம் மூன்றே மூன்று வருடம்,
அதில் ஒன்று வெள்ளம்.

நான் விலை சொல்லப் போயிருந்தேன்.
டூசல்டார்ஃபில் என் வேலை அது:
பிறர் கட்டியதை ஒரு பகல் சுற்றிப் பார்த்துவிட்டு
இத்தனை மடங்கு என்று எழுதுவது.

சோதனை அறையில் ஓர் இயந்திரக் கை
ஒரே கதவை இரண்டு லட்சம் முறை திறந்து மூடுகிறது.
யாரும் உள்ளே போகவில்லை.
யாரும் வெளியே வரவில்லை.
பக்கத்தில் உஸ்மான் எர்க்கோச் நின்று
கீறல் விழுகிறதா என்று பார்க்கிறார்.

ஆல்முட் ஷ்ரோயர், முதலாளி,
காதடைப்பானைக் கழற்றாமலே கேட்டார்:
"எங்களுக்கு எத்தனை?"
லாபத்தைப்போல் ஆறு மடங்கு என்றேன்.
"பெர்லினில் அந்தத் துணி துவைக்கிற பையன்களுக்கு?"

அவர்கள் துவைப்பதில்லை.
அடுக்குமாடியின் பொது இயந்திரம் எப்போது காலி என்று
கைபேசியில் சொல்கிறார்கள்.
லாபம் இன்னும் இல்லை,
ஆகவே விற்பனையைப் பெருக்கினோம்.
பதினான்கால்.

அழுத்துப்பொறி இறங்கி எழும் இடைவெளியில்
அவர் கணக்குப் போட்டார்.
"பயனர்களை எண்ணுகிறீர்கள். சரி.
என் கீலில் தொங்கும் கதவுகளை எண்ணினீர்களா?
இன்று காலை எத்தனை பேர் அவற்றைத் திறந்தார்கள்?
உள்நுழைவு என்று
அதைத்தானே சொல்கிறீர்கள்?"

எண்ணவில்லை.
கதவைத் திறப்பவன் மாதாமாதம் உங்களுக்கு
எதுவும் கட்டுவதில்லை, ஷ்ரோயர் அம்மா.
உங்கள் கீல் முப்பது வருடம் உழைக்கிறது.
வாங்கியவன் உங்களை மறந்துவிடுகிறான்.
எங்கள் அட்டவணையில் அது குற்றம்.

"அப்படியானால் உடைகிற மாதிரி செய்யட்டுமா?"
அவர் சிரிக்கவில்லை. நானும்.

நியாயம் பேச எனக்குச் சம்பளமில்லை.
அடுத்த கீலுக்கு எண்பத்தேழு கிராம் எஃகு வேண்டும்,
துத்தநாகப் பூச்சு, எரிவாயு, லாரி,
லாரிக்கு ஓட்டுநர், ஓட்டுநருக்குப் பல்வலி.
அடுத்த பயனருக்கு ஒரு கடவுச்சொல் போதும்,
அதையும் அவரே யோசித்துக்கொள்வார்.
கோடிப் பேர் வந்தாலும் கூரையை உயர்த்த வேண்டாம்.
இதற்குக் கூடுதல் விலை தருவது பைத்தியமல்ல.
பைத்தியம் தொடங்குவது
கோடிப் பேரும் வந்துவிட்டதாக
இன்றைக்கே எழுதும்போது.

மறுவாரம் பெர்லின்.
லெவின் டாம்கே, இருபத்தொன்பது வயது.
லாபம் எப்போது என்றதற்கு
"தெரியாது" என்றான்.
அந்த ஒரு சொல்லுக்காக
மனசுக்குள் ஒரு மடங்கு கூட்டிக் கொடுத்தேன்.
கிளம்பும்போது, ஒட்டிக்கொண்ட பழக்கம்,
குனிந்து கதவின் கீலைப் பார்த்தேன்.
ஆல்முட்டின் முத்திரை இல்லை.
வேறெங்கோ செய்தது. கிறீச்சிட்டது.

தொலைபேசியில் இதைச் சொன்னேன்.
அவருக்கு உற்சாகமில்லை.
"என் ஓய்வுக்காலப் பணம் எங்கே இருக்கிறது தெரியுமா?
பாதிக்கு மேல் இணைய நிறுவனங்களில்.
கீல் கம்பெனியில் யார் போடுவார்கள்?"
பின்னால் பொறி இறங்கும் ஓசை.
"ஆனால் ஆறுக்கு விற்கமாட்டேன்.
எழுதிக்கொள்ளுங்கள்."

இரவு ஒன்றரை. இரண்டு அறிக்கைகளும் திரையில்.
மேசையில் அவர் தந்த மாதிரிக் கீல்,
விரலால் தள்ளினால் மடங்குகிறது,
விரிகிறது, மடங்குகிறது.

ஆறை அழித்து ஆறரை என்று போட்டேன்.
பக்கத்துக் கட்டம் காரணம் கேட்டது.
'ஓசையில்லை' என்று எழுதினேன்.

காலையில் மேலாளர் அதை அழித்து
'நிலையான வாடிக்கையாளர்கள்' என்று திருத்தியிருந்தார்.
அரையை விட்டுவைத்திருந்தார்.